குருவிக்கு ஒரு மரவீடு

பறவைக்கு வீடு அமைத்துத் தரும் வழக்கம் எல்லா நாடுகளிலும் இரக்கத்தில் பிறந்ததன்று. ஃபிளாண்டர்ஸ், ஹாலந்து பகுதிகளில் முற்காலத்தில் வீட்டுச் சுவர்களில் மண்பானைகளைத் தொங்கவிட்டனர். குருவி அதில் குஞ்சு பொரித்ததும், அக்குஞ்சுகளை எடுத்துச் சமைத்து உண்டனர். பெயர் வீடு, உண்மையில் அது பொறி.

உஸ்மானியர் செய்தது வேறு. இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் 1710இல் நிறைவுற்ற யெனி வாலிதே பள்ளிவாசலிலும், 1760களின் தொடக்கத்தில் எழுந்த அயாஸ்மா பள்ளிவாசலிலும், வெளிச்சுவரின் உயரத்தில் பறவைகளுக்கென்றே கல்லில் சிறு மாளிகைகள் செதுக்கப்பட்டுள்ளன. சிலவற்றுக்கு மினாராக்களும் உண்டு. மரத்தால் செய்தவை காலத்தில் அழிந்தன, கல்லே எஞ்சியது. தொழ வருவோரின் கண்ணுக்கு எளிதில் எட்டாத உயரத்தில் கொத்தன் இவ்வளவு நுணுக்கம் காட்டியது நம்மை வியக்க வைக்கிறது.

நம் நாட்டிலும் இத்துறையில் இரு முஸ்லிம் பெயர்கள் நிற்கின்றன. ஒருவர் 1896இல் பிறந்த சாலிம் அலீ. சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துக் குருவியை அடையாளம் காண பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றவர், பின்னர் வாழ்நாள் முழுதும் பறவைகளை விட்டு விலகவேயில்லை. மற்றவர் நாசிக்கைச் சேர்ந்த முகம்மது திலாவர். இன்று பள்ளிகளில் மார்ச் 20 அன்று நடக்கும் உலகச் சிட்டுக்குருவி நாள், 2010இல் அவருடைய முயற்சியால் தொடங்கியது.

இனி நம் பகுதிக்கு வருவோம். 1856இல் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் குருவிக்கென எவரும் வீடு கட்டவில்லை, தேவையும் இருக்கவில்லை. உத்திரத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து, ஓட்டின் அடிப்பகுதி, சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம் ஆகியவையே போதுமானவையாக இருந்தன. அவ்வீடுகள் இடிந்து கான்கிரீட் எழுந்தபோது சந்துகள் மறைந்தன. கைபேசிக் கோபுரத்தின்மீது பழிபோடுவது நமக்கு எளிது. அதற்கு உறுதியான சான்று இல்லை. அடைபட்ட சுவர்களோ கண்முன்னே நிற்கின்றன. இவ்விடத்தில்தான் வடசென்னையில் 'கூடுகள்' அறக்கட்டளையின் பணி தொடங்கியது. பள்ளி மாணவர்களுக்கு மரக்கூடு செய்யக் கற்றுத்தரும் இவ்வமைப்பு, நான்கு ஆண்டுகளில் சுமார் பத்தாயிரம் கூடுகள் செய்ததைப் பிரதமர் 2024 நவம்பரில் தம் வானொலி உரையில் குறிப்பிட்டார்.

செய்முறையில் கடினம் ஏதுமில்லை. ரம்பம், ட்ரில், மூலைமட்டம், திருகாணி, உப்புத்தாள் ஆகியவை போதும். அரை அங்குலப் பலகையில் ஆறு துண்டுகள்: முன், பின், இரு பக்கங்கள், அடி, கூரை. உள்ளளவு ஐந்து அங்குலச் சதுரம், உயரம் எட்டு அங்குலம். கூரை முன்பக்கம் சரிந்து சற்று நீண்டிருக்க வேண்டும். வாசல் துளை 32 மி.மீ.; அதைவிடப் பெரிதாக்கினால் மற்ற பறவைகள் இடம்பிடிக்கும். வாசலில் குச்சி வைப்பது அழகுக்குத்தான், காக்கைக்கு அது படிக்கட்டாகிவிடும். உட்புறத்தை இழைக்கவோ வண்ணம் பூசவோ கூடாது. சொரசொரப்பைப் பற்றித்தான் குஞ்சு மேலேறும். அடிப்பலகையில் நான்கு சிறு துளைகள் வேண்டும். ஒரு பக்கப் பலகையை ஆணியடிக்காமல் திருகாணியால் பொருத்தினால் பின்னர் திறக்கலாம்.

துறைமுகப் பகுதியில் பேக்கிங் பெட்டி மரம் மலிவாகக் கிடைக்கிறது. அதன் முத்திரையைப் பார்த்து வாங்குக: 'எச்.டி.' என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, 'எம்.பி.' என்றிருந்தால் நச்சுப்புகையிட்டது, அதை விலக்குக.

பெட்டி மட்டும் குருவியைக் கொண்டுவராது. குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவது பெரும்பாலும் பூச்சியையே. எனவே அருகில் ஒரு செடியாவது, மருந்து தெளிக்காததாய், இருக்க வேண்டும். நம் பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது கண்ணாடியும் அலுமினியமும் கொண்டு ஒவ்வொரு துவாரத்தையும் அடைத்துவிடுகிறோம். உஸ்மானியரின் சுவரைப் புகழ்ந்து பேசும் நாம், நிர்வாகக் குழுவில் இதை ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா?

மின்விசிறிக்கும் நேர்வெயிலுக்கும் அப்பால், எட்டு அல்லது பத்தடி உயரத்தில் மாட்டுக. குருவி குடியேறிய பின் பிள்ளைகள் திறந்து பார்க்க ஆசைப்படுவர். குஞ்சுகளை இழந்து தாய்ப்பறவை படபடத்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி வைக்கப் பணித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. அதை அவர்களுக்குச் சொல்லலாம். குஞ்சுகள் பறந்துபோன பிறகு திருகாணியைக் கழற்றி, பழைய புல்லை எடுத்துவிட்டு, மீண்டும் மூடிவைத்தால் போதும்.