இலங்கையின் பேருந்துப் போக்குவரத்து ஒழுங்குமுறை

இலங்கையின் பேருந்துப் போக்குவரத்து ஒழுங்குமுறை என்பது, அந்நாட்டில் பேருந்துகளை யார், எந்த வழித்தடத்தில், என்ன கட்டணத்துக்கு ஓட்டலாம் என்பதைத் தீர்மானிக்கும் சட்டங்களையும் அமைப்புக்களையும் குறிக்கும். இத்துறை தனியார் உடைமை, முழு அரச உடைமை, இரண்டும் கலந்த முறை ஆகிய மூன்றையும் கண்டுள்ளது. வருமானம் குறைந்த கிராமப்புற வழித்தடங்களில் யார் பேருந்து ஓட்டுவது என்பதே இம்மாற்றங்கள் ஒவ்வொன்றின்போதும் எழுந்த முக்கியமான கேள்வியாகும்.

தேசியமயமாக்கலுக்கு முன்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேருந்துகளைச் சிறு உரிமையாளர்களே நடத்தினர். ஒரே வீதியில் பலர் போட்டியிட்டதால் பயணிகளைப் பிடிப்பதற்காக ஒருவரை ஒருவர் முந்தி ஓடுவது வழக்கமாயிருந்தது. 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வழித்தட உரிமங்களை ஒழுங்குபடுத்தியதைத் தொடர்ந்து, உரிமையாளர்கள் பலர் இணைந்து பெரிய நிறுவனங்கள் உருவாயின. போட்டி குறைந்தது, ஆனால் இந்நிறுவனங்கள் தத்தம் பகுதிகளில் தனியுரிமை பெற்றவை ஆயின. அவற்றின் உரிமையாளர்கள் அரசியலிலும் செல்வாக்குடன் விளங்கினர். தென்மேற்குப் பகுதியில் பேருந்து நிறுவனம் நடத்திய சர் சிரில் டி சொய்சா, மேலவையின் தலைவராகவும் இருந்தவர். 1948ஆம் ஆண்டின் இரத்தினம் அறிக்கை தேசியமயமாக்கலைப் பரிந்துரைத்தபோதும், அது நிறைவேறப் பத்து ஆண்டுகள் சென்றன.

இலங்கைப் போக்குவரத்துச் சபை

எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசு 1957ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி 1958 சனவரி 1 முதல் எல்லாப் பேருந்து நிறுவனங்களும் ஒரே சபையின் கீழ் வந்தன. இலண்டனில் பயன்படுத்தப்பட்ட ஈரடுக்குப் பேருந்துகள் பல வாங்கப்பட்டுக் கொழும்பு வீதிகளில் ஓடின. நகர வழித்தடங்களின் வருவாயைக் கொண்டு கிராமப்புற வழித்தடங்களின் நட்டத்தை ஈடுசெய்வதே சபையின் அடிப்படை முறை. தனி உரிமையாளர் எவரும் ஓட்ட விரும்பாத ஊர்களுக்கும் காலையும் மாலையும் பேருந்து சென்றது இதனாலேயே. எனினும், கட்டணம் நீண்டகாலம் உயர்த்தப்படாமையும் அரசியல் நியமனங்களால் ஊழியர் தொகை பெருகியதும் சபையைக் கடனில் ஆழ்த்தின.

தனியாருக்கு மீண்டும் அனுமதி

1978ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்ச் சபை ஒரு மத்திய சபையாகவும் ஒன்பது பிராந்திய சபைகளாகவும் பிரிக்கப்பட்டது. 1979 முதல் தனியார் பேருந்துகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இம்முறை வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு பேருந்தை மட்டும் வைத்திருந்த சிறு உரிமையாளர்கள். அவர்கள் வருமானம் மிகுந்த வழித்தடங்களையே நாடியதால், நட்டத்தை ஈடுசெய்யும் பழைய முறை குலைந்தது. 1990களின் தொடக்கத்தில் சாலைகள், அதாவது பேருந்துப் பணிமனைகள், ஊழியர்கள் பங்குதாரராக இருந்த தனித்தனி நிறுவனங்களாக்கப்பட்டன. "மக்கள்மயமாக்கல்" எனப்பட்ட இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. நிறுவனங்கள் பின்னர் ஒன்றிணைக்கப்பட்டு, 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) மீண்டும் அமைக்கப்பட்டது.

அதிகாரப் பகிர்வு

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஒரு மாகாணத்துக்குள் ஓடும் சேவைகள் மாகாண சபையின் பொறுப்பாகும். மாகாணங்களுக்கு இடையிலான சேவைகளை, 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஒழுங்குபடுத்துகிறது. எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் தனியார் பேருந்துக்கு வடமாகாண அதிகாரசபையும், கொழும்பு செல்லும் பேருந்துக்கு ஆணைக்குழுவும் அனுமதிப்பத்திரம் வழங்குகின்றன. இ.போ.ச.வோ மத்திய அரசுக்கு உரியது.

கட்டணமும் மானியமும்

2002ஆம் ஆண்டின் கட்டணக் கொள்கையின்படி, எரிபொருள், டயர், ஊதியம் முதலிய செலவுகளின் அடிப்படையில் ஆண்டுதோறும் கட்டணம் திருத்தப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது ஒரே ஆண்டில் பலமுறை திருத்தம் செய்ய நேர்ந்தது. கட்டணம் அரசின் கட்டுப்பாட்டில் இருப்பதால், கூடுதல் பயணிகளை ஏற்றுவதே தனியார் உரிமையாளரின் இலாபத்துக்கு வழியாகிறது. சாரதியினதும் நடத்துனரினதும் வருமானம் அன்றாட வசூலைப் பொறுத்து அமைவதால், தரிப்பிடங்களில் நெடுநேரம் காத்திருப்பதும், பின்னர் விரைந்து ஓடுவதும் தொடர்கின்றன. 1942க்கு முந்திய குறைபாடே இது.

நட்டம் தரும் சேவைகளுக்கு ஆணைக்குழு மானியம் வழங்குகிறது. மாணவருக்கான "சிசு செரிய", கிராமங்களுக்கான "கெமி செரிய", இரவு நேரத்துக்கான "நிசி செரிய" என்பன அவ்வாறானவை. மாணவரின் சலுகைப் பருவச்சீட்டு இ.போ.ச. பேருந்துகளில் மட்டுமே செல்லுபடியாகும். அப்பேருந்து வராத ஊர்களில் இச்சலுகையால் பயனில்லை.

இணைந்த நேர அட்டவணை

அரச, தனியார் பேருந்துகளை ஒரே நேர அட்டவணையில் ஓட்டும் முயற்சி பலமுறை தடைப்பட்டது. வவுனியாவில் 2017இல் திறக்கப்பட்ட புதிய பேருந்து நிலையத்தை இரு தரப்பினரும் சேர்ந்து பயன்படுத்துவதில் நீண்ட பிணக்கு நிலவியது. பயணிகள் பழைய நிலையத்துக்கும் புதிய நிலையத்துக்கும் இடையே அலைய நேர்ந்தது. 2021இல் யாழ்ப்பாணத்தில் திறக்கப்பட்ட நெடுந்தூரப் பேருந்து நிலையத்திலும் இதே சிக்கல் எழுந்தது. 2025 ஆகத்து மாதத்தில் இணைந்த அட்டவணையை எதிர்த்து இ.போ.ச. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டன.