சொந்தமாகக் கட்டும் காருக்கு எந்தப் பற்றரி?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்தும் என்ன, கடலையும் வயலையும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்த விலைகள் எட்டாதவை. அதனால் பழைய எஞ்சின் ஒன்று, வேறொரு வாகனத்தின் அச்சு, தாமே ஒட்டிய இரும்புச் சட்டம் என்று ஒரு சிறிய காரைத் தாமே கட்டிப் பார்க்கும் எண்ணம் சிலருக்கு வருகிறது. வெளிநாடுகளில் இப்படிக் கட்டுவதற்கென்றே பாகங்களைத் தொகுதியாக விற்கிறார்கள்; அதைக் கிட் கார் என்பார்கள். வாகன மின்வேலை செய்பவன் என்ற முறையில் இரு சாராருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பற்றரியைக் கடைசியில் யோசிக்காதீர்கள்.

இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்தில் இது பொழுதுபோக்கான விடயமல்ல. நடுச்சாமத்தில் ஒருவருக்கு ஏலாமல் போனால் மூதூருக்கோ திருகோணமலைக்கோ ஓடவேண்டும். அந்த நேரத்தில் கார் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் அது வெறும் இரும்புதான்.

யுத்தகாலத்துப் பழக்கம்

1990க்குப் பின் பொருளாதாரத் தடை இருந்த வடக்குப் பகுதிகளில் பற்றரியும் பெற்றோலும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. பற்றரி செத்தாலும் கைப்பிடி போட்டுச் சுற்றி அவற்றைக் கிளப்பலாம். எங்கள் பக்கத்திலும் சோதனைச் சாவடி தாண்டிப் பொருள் வருவது இலகுவாக இருக்கவில்லை.

அந்தக் காலம் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. கார் பற்றரியில் லைற் எரிப்போம், ரீவி பார்ப்போம், கடைசிச் சொட்டு வரை இறக்குவோம். வேறு வழியில்லாத நாளில் அது சரி. இன்று அது பற்றரியைக் கொல்லும் வழி. ஸ்ரார்ட் பற்றரிக்குள் மெல்லிய ஈயத் தகடுகள் பல இருக்கும். சில விநாடிகள் பெரிய மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப நிரம்புவதற்காகச் செய்யப்பட்டவை அவை. அடிக்கடி அடிவரை இறக்கினால் சில மாதங்களிலேயே பழுதாகும். சூரியத் தகட்டுக்குப் போடும் பற்றரியின் தகடுகள் தடித்தவை. ஆழமாக இறங்கி ஏறும், ஆனால் அதே அளவில் அவ்வளவு வேகமாகக் கொடுக்காது. ஆகவே வீட்டுக்கு வேறு, காருக்கு வேறு.

எதைப் பார்த்து வாங்குவது

அம்பியர் மணி எண் எவ்வளவு நேரம் கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. எஞ்சினைச் சுற்றும் பலத்தைச் சொல்வது குளிர்த் தொடக்க அம்பியர். அது மைனஸ் 18 பாகை செல்சியஸில் அளக்கப்படுவது. எங்கள் ஊரில் அந்தக் குளிர் இல்லை என்பதால் மிகப் பெரிய எண்ணுக்காகக் காசைக் கொட்டத் தேவையில்லை. 1000 சிசி அளவுள்ள பெற்றோல் எஞ்சினுக்கு 35 முதல் 45 அம்பியர் மணி போதும். டீசலுக்கு அதைவிடப் பெரியது வேண்டும்.

யப்பானிய அளவுக் குறியீட்டையும் வாசிக்கப் பழகுங்கள். 55டி23எல் என்றால் 55 திறன் தரம், டி அகலமும் உயரமும், 23 நீளம் சென்ரிமீற்றரில், கடைசி எழுத்து முனைகள் இருக்கும் பக்கம். சட்டத்தை ஒட்டுவதற்கு முன்பே இந்த அளவைத் தீர்மானியுங்கள். பக்கம் மாறினால் வயர் எட்டாது.

பழைய பிரித்தானிய எஞ்சின் என்றால் இரண்டைக் கவனியுங்கள். அவற்றில் பெரும்பாலும் நேர்முனைதான் பொடியுடன் இணைந்திருக்கும். புதிய கருவிகளை அப்படியே கொடுத்தால் எரிந்துபோகும். டைனமோவும் 20 அம்பியர் அளவே தரும், மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை.

எங்கள் கரையின் எதிரிகள்

பற்றரியின் ஆயுளைக் குறைப்பதில் முதலாவது வெப்பம். 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. எனவே புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டாவது சும்மா நிற்பது. மணிக்கூடோ அலாரமோ 50 மில்லி அம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி போகும். 45 அம்பியர் மணிப் பற்றரி 19 நாளில் பாதியாகிவிடும். ஓடாத காருக்கு எதிர்முனையைக் கழற்றி வையுங்கள். மூன்றாவது உப்புக்காற்று. முனைகளைத் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள்.

இடமும் வயரும்

பின்பக்கத்தில் வைத்தால் எடை சமமாகும், ஆனால் வயர் நீளும். 4 மீற்றர் நீள, 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 150 அம்பியர் ஓடினால் சுமார் 0.65 வோல்ட் இழப்பு. 35 சதுர மில்லிமீற்றர் போட்டால் 0.3தான். அமிலப் பற்றரி ஏறும்போது ஐதரசன் வாயு வெளியேறும். ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் வைப்பதானால் மூடிய பெட்டியும் வெளியே செல்லும் குழாயும் வேண்டும். கவிழ்ந்தாலும் அசையாதபடி இரும்புப் பட்டியால் கட்டுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில், பூட்டும்போது அதுவே கடைசியில். பொடி நேர்முனையோடு இணைந்த பழைய காருக்கு இது மறுதலை.

மாதம் ஒருமுறை மீற்றர் வைத்துப் பாருங்கள். எஞ்சின் நின்று சில மணி நேரத்தின்பின் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் உடனே ஏற்றவேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டாவிட்டால் குறை பற்றரியில் அல்ல, அதை ஏற்றும் கருவியில்.

பழுதான பற்றரியை வலைக்கு ஈயமணி வார்க்க வீட்டில் உடைத்து உருக்காதீர்கள். ஈயப்புகையும் அந்தத் தூசியும் பிள்ளைகளின் மூளையை நிரந்தரமாகப் பாதிக்கும். கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு புதியதன் விலையில் கழிப்பார்.

கட்டிய காரை வீதியில் ஓட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவும் வேண்டும். சட்டத்துக்கு இரும்பு வெட்டுமுன் அங்கே விசாரித்துவிடுங்கள்.