செஞ்சிப் பகுதிக் காடுகளின் வரலாறு

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிப் பகுதிக் காடுகள், தட்பவெப்ப மாற்றமும் மனிதர் செயலும் ஒரு காட்டின் மர இனங்களை எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்குச் சான்றாக உள்ளன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய கோட்டைக் குன்றுகளில் இன்று முட்புதர்களே மிகுதி.

தொல்பழங்காலம்

செஞ்சிப் பகுதியிலிருந்து ஓடிவரும் சங்கராபரணி (வராக நதி) ஆற்றையொட்டி உள்ளது திருவக்கரை. இங்குள்ள கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை. ஐரோப்பிய இயற்கையியலாளர் சொன்னரா 1781-இல் இவற்றைப் பதிவு செய்தார். வேரும் கிளையும் இல்லாததால், இவை பழங்கால வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை எனக் கருதப்படுகிறது.

அன்றைய தென்னாற்காடு மாவட்டக் கல்மரங்களைத் தாவரவியலாளர் சி. ஜி. கே. ராமானுஜம் 1950-களில் ஆராய்ந்தார். அவற்றுள் டிப்டெரோகார்ப்பேசியே குடும்ப மரங்களும் இருந்தன. அக்குடும்பத்தின் பெரும்பாலான மரங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலை, மலேசியா போன்ற மழைமிகு பகுதிகளில் வளர்கின்றன. இப்பகுதி ஒரு காலத்தில் இன்றைவிட ஈரமாக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

வறண்ட பசுமைமாறாக் காடு

இன்று இங்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அதன்பின் நீண்ட வறட்சி. இதற்கேற்பத் தடித்த சிறு இலைகளைக் கொண்ட காயா, பாலை, வீரை, கருங்காலி போன்ற மரங்கள் சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காட்டை உருவாக்கின.

மனிதர் பங்கு

கோட்டை நகருக்கும் படைகளுக்கும் விறகும் மரமும் தேவைப்பட்டன. முகலாயர் முற்றுகை மட்டும் 1690 முதல் 1698 வரை நீடித்தது. தொடர்ந்து வெட்டும் மேய்ச்சலும் நடக்கும் இடங்களில் மூடிய காடு மறைந்து, உசில், விராலி, காரை, சூரை ஆகியவை பெருகுகின்றன. எனவே இன்றைய புதர்க்காட்டுக்கு வறட்சியை மட்டும் காரணமாகக் கூற இயலாது.

இன்றைய நிலை

2024-இல் பெஞ்சல் புயலின்போது அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. மழை ஒரே நாளில் கொட்டினால், பெரும்பகுதி பாறைச் சரிவில் வழிந்தோடிவிடும். நாற்றுகள் அடுத்த கோடையைத் தாங்க மண்ணில் ஈரம் தங்காது. ஆண்டு மழை அளவு குறையாவிட்டாலும், அது பெய்யும் முறை மாறினால் காட்டின் இனங்களும் மாறும். எஞ்சியுள்ள முதிர்ந்த மரங்களே இக்காட்டின் விதைக் களஞ்சியம். அவை அழிந்தால் பழைய காடு மீள்வது அரிது.