சினிமா முத்தும் நம் கடல் முத்தும்

பழைய ராஜா ராணிப் படங்களில் அரசிகள் கழுத்தில் புரளும் மாலைகளைப் பார்த்து, "நம்ம ஊர் முத்தா?" என்று கேட்பார்கள். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பெரும்பாலும் போலி முத்துதான்.

அதன் பழைய செய்முறை பிரான்சுடையது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஜெபமாலை செய்துவந்த ழாக்கேன் என்பவர், ஊதிய கண்ணாடிக் குமிழின் உட்புறம் ஆற்றுமீன் செதிளின் வெள்ளிப் பூச்சைத் தடவி, உள்ளே உருக்கிய மெழுகை வார்த்தார். குமிழ்தான் அச்சு, ஆனால் அதை உடைப்பதில்லை, அதுவே முத்தின் தோல். சிறிதளவு பூச்சுக்கே ஆயிரக்கணக்கான மீன் வேண்டும். பூச்சின் பெயர் 'எஸ்ஸான்ஸ் தொரியான்'. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதன் பொருள் சிரிப்பை வரவழைத்தது: 'கீழ்த்திசைச் சாறு'. மீன் அவர்கள் ஆற்றில், பெயர் நம் திசைக்கு!

சிப்பியோ உள்ளே புகுந்த பொருளின்மேல் படலம் படலமாகப் பூசுகிறது. அதனால் அசல் முத்து பல்லில் உரசினால் நறநறக்கும். கண்ணாடி முத்து வழுக்கும்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அருகிலுள்ள வேப்பலோடையில், சிப்பிக்குள் மணி வைத்து வளர்ப்பு முத்து எடுத்தார்கள். அங்கும் பூசியது சிப்பிதான்.

வீட்டில் பாட்டி காலத்து முத்து இருந்தால், சினிமா நகை என்று ஒதுக்குமுன் பல்லில் ஒருமுறை உரசிப் பாருங்கள்.