குத்துச்சண்டைப் பயிற்சியில் கைத்தோலில் ஏற்படும் காயங்கள்: தடுப்பும் சிகிச்சையும்

குத்துச்சண்டை கற்கத் தொடங்கும் ஒருவருக்கு முதல் சில வாரங்களில் விரல் முட்டிகளில் தோல் உரிதல், கொப்புளம், வெடிப்பு ஆகியவை ஏற்படுவது பொதுவானது. இவற்றுள் பெரும்பாலானவை வீட்டுப் பராமரிப்பிலேயே ஆறிவிடும். சில காயங்கள் மட்டும் சிறியனவாகத் தோன்றினும் விரலின் அசைவையே பறிக்கக்கூடியவை. அவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய, பயிற்சி பெறுவோருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இப்பக்கம் உதவும். சிலம்பம் சுழற்றுவோரின் உள்ளங்கைக் கொப்புளங்களுக்கும் இதிலுள்ள முதலுதவி பொருந்தும்.

தோல் ஏன் உரிகிறது?

விரல் முட்டிகளின் மேலுள்ள தோல் மெல்லியது. அதனடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடனே தசைநாணும் எலும்பும் உள்ளன. குத்து நேராக விழும்போது தோல் அழுத்தத்தை மட்டுமே தாங்குகிறது. குத்து சறுக்கினாலோ, படும் கணத்தில் மணிக்கட்டு திரும்பினாலோ தோல் உராய்ந்து கிழிகிறது. வியர்வையில் ஊறிய தோல் இன்னும் விரைவில் உரியும்.

காயம் எங்குள்ளது என்பதைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் சிறிதளவு சிவத்தல் பயிற்சியின் இயல்பான விளைவு. சுண்டுவிரல், மோதிர விரல் முட்டிகளில் தோல் உரிந்தால் குத்தும் முறை தவறு என்று பொருள். எலும்பு முறிவு மிகுதியாக நேர்வதும் அப்பகுதியிலேயே. விரல் இடுக்குகளில் உரிந்தால் கையுறை பெரிதாக இருக்கலாம், அல்லது துணி சரியாகச் சுற்றப்படாதிருக்கலாம்.

வீட்டில் சாக்கில் மணல் நிரப்பி மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, வெறுங்கையால் குத்திப் பழகுவோர் உள்ளனர். மணல் நாளடைவில் அடியில் இறுகிக் கல் போலாகும். சணல் சாக்கின் சொரசொரப்பு தோலை அரம்போல் அராவும். பழைய துணிகளை நிரப்பி, மேலே தடித்த துணியுறை தைத்துக்கொள்வது நல்லது. வெறுங்கையால் குத்தினால் கை ‘உரம் பெறும்’ என்பதும், ஸ்பிரிட்டிலோ உப்பு நீரிலோ ஊறவைத்தால் தோல் தடிக்கும் என்பதும் தவறான நம்பிக்கைகள். ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்கச் செய்கிறது. தடித்து உலர்ந்த தோல் ஆழமாகக் கிழியும்.

தடுக்கும் வழிகள்

‘ஹேண்ட் ராப்’ எனப்படும் கைச்சுற்றுத் துணி இன்றிக் கையுறை அணிய வேண்டாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 4.5 மீட்டர் துணி பயன்படுகிறது. சிறுவர்களுக்கு அதைவிடக் குறைந்த நீளம் போதும். விரல்களை விரித்த நிலையில், சுருக்கமின்றி, முட்டிகளின் மேல் பல அடுக்குகளாகவும் விரல் இடுக்குகளின் ஊடாகவும் சுற்ற வேண்டும். சுற்றிய பின் கையை மூடித் திறந்து பாருங்கள். விரல் நுனி மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்து மீண்டும் சுற்ற வேண்டும்.

மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கோயிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிறு துணிக்கடியில் நனைந்து, உராய்ந்து, அழுக்கைத் தேக்கும். பயிற்சி நேரத்திலேனும் அகற்றி வைத்தல் நலம்.

துணியை ஒவ்வொரு நாளும் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துணி ஒரு நாளில் உலராது. ஆகவே இரண்டு இணை வைத்துக்கொள்ளுங்கள். கையுறையைப் பைக்குள் அடைத்து வைக்காமல், உள்ளே செய்தித்தாளைத் திணித்துக் காற்றாட வையுங்கள். கடும் வெயில் தோல் கையுறையை வெடிக்கச் செய்யும்.

பயிற்சிக் கூடத்தின் பொதுக் கையுறைகளால் படர்தாமரை, மரு, சீழ்ப்புண் ஆகியவை பரவக்கூடும். அரிப்புடன் வட்டமான தடிப்பு தோன்றினால், மருந்துக் கடையில் தாமாகவே களிம்பு வாங்கிப் பூச வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் முதலில் அரிப்பைத் தணித்து, பின்னர் படர்தாமரையைப் பரப்பிவிடுகின்றன. இந்த ஒரு பழக்கத்தால் தோல் நோய்ப் பிரிவில் மாதக்கணக்கில் சிகிச்சை பெறுவோர் பலர்.

முதலுதவி

உரிந்த தோலை ஓடும் தூய நீரில் சோப்பிட்டுச் சில நிமிடங்கள் கழுவுங்கள். சுத்தமான துணியால் ஒற்றி, வாசலின் மெல்லியதாகப் பூசி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடுங்கள். கட்டை நாள்தோறும் மாற்றுங்கள். மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் வேண்டாம். ‘காற்றுப்பட்டால் காய்ந்துவிடும்’ என்று திறந்து விடுவதும் சரியன்று. மூட்டின் மேல் உலர்ந்த பொருக்கு, கையை மடக்கும்தோறும் வெடிக்கும். ஈரப்பதத்துடன் மூடிய புண் விரைவில் ஆறும்.

கொப்புளத்தின் மேல்தோலைப் பிய்க்காதீர்கள். அதுவே சிறந்த கட்டு. பெரிதாகி வலித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீரை வெளியேற்றிக்கொள்ளலாம்.

பல் பட்ட காயம்

ஸ்பாரிங் எனப்படும் நேருக்கு நேர் பயிற்சியிலோ சண்டையிலோ மற்றவரின் பல் பட்டு முட்டியின் மேல் உண்டாகும் சிறு கீறல், இப்பக்கத்தில் கூறப்படும் காயங்கள் அனைத்தினும் ஆபத்தானது. மூடிய கையில் பல் பதியும்போது தோல், தசைநாண், மூட்டுறை ஆகியவை ஒரே நேர்கோட்டில் துளைபடுகின்றன. கையைத் திறந்ததும் தசைநாண் பின்னுக்கு நகர்ந்து துளையை மூடிவிடும். வெளியே சில மில்லிமீட்டர் கீறல் மட்டுமே தெரியும். வாயிலுள்ள கிருமிகள் மூட்டுக்குள் அடைபட்டிருக்கும். ஓரிரு நாள்களில் மூட்டு சீழ்பிடித்து, விரல் நிரந்தரமாக விறைத்துவிடக்கூடும்.

எனவே வலி இல்லாவிடினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எக்ஸ்ரே, ஆழ்ந்து கழுவுதல், நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து ஆகியவை தேவைப்படும். பொதுவாக இக்காயத்தை உடனே தையலிட்டு மூடுவதில்லை. கதவில் இடித்துக்கொண்டதாகக் கூறும் இளைஞர்களை அடிக்கடி காண்கிறோம். உண்மைக் காரணத்தை மருத்துவரிடம் மறைத்தால் சிகிச்சையே மாறிவிடும்.

ஆற்றிலும் வயலிலும் இறங்குவோர்

குறுக்குத்துறையிலோ பாபநாசத்திலோ தாமிரபரணியில் நீராடுவது நம் பகுதியின் அன்றாட வழக்கம். ஆறாத புண்ணுடன் ஆறு, கால்வாய், நெல்வயல், தேங்கிய மழைநீர் ஆகியவற்றில் இறங்குவதைத் தவிர்க்கவும். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி தோல் வெடிப்பின் வழியே உடலுக்குள் புகும். தவிர்க்க இயலாதபோது புண்ணை நீர் புகாதவாறு மூடிக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் தோன்றினால், புண்ணுடன் நீரில் இறங்கியதை மருத்துவரிடம் கூறுங்கள்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

சிவப்பு பரவுகிறதா என்று அறிய, அதன் விளிம்பில் பேனாவால் கோடிட்டு நேரத்தைக் குறியுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலும், சீழ், காய்ச்சல், முழங்கையை நோக்கிச் செல்லும் செங்கோடு ஆகியவை தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். விரல் முழுவதும் வீங்கி, மடங்கிய நிலையில் நின்று, நிமிர்த்தினால் கடும் வலி எடுத்தால் அது அவசர நிலை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படலாம். நீரிழிவு நோயாளிகளுக்கு வலி குறைவாகவே தெரியும். எனவே அவர்கள் சிறு புண்ணையும் காட்ட வேண்டும்.

ரணஜன்னித் தடுப்பூசி 10, 16 வயதுகளில் போடப்படுகிறது. அழுக்குப் படிந்த காயம் ஏற்பட்டு, கடைசித் தவணை முடிந்து 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் ஒரு தவணை தேவை. அரசு மருத்துவ நிலையங்களில் இது கட்டணமின்றிக் கிடைக்கும்.

மீண்டும் பயிற்சி

புண் முழுதும் மூடி, கசிவு நின்று, கையை இறுக மூடினாலும் வலிக்காத நிலையில் குத்துப்பைக்குத் திரும்பலாம். மேலோட்டமான உரிதலுக்கு இது பெரும்பாலும் 7 முதல் 10 நாள்கள் ஆகும். அதுவரை ஓட்டம், கயிறு தாண்டுதல், காலடிப் பயிற்சி ஆகியவற்றைத் தொடரலாம். இரத்தம் கசியும் கையுடன் ஸ்பாரிங்கில் இறங்குவது எதிரில் நிற்பவருக்கும் ஆபத்து. மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி இரத்தத்தின் வழியே பரவும். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.