அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து: அரையிறுதியில் வெல்வது யார் என்று கணிப்பது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் வந்துவிட்டால் அமெரிக்காவில் அலுவலகம், கல்லூரி விடுதி, உணவகம் என எங்கும் ஒரே பேச்சுதான். கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் எந்த நான்கு அணிகள் அரையிறுதிக்கு வரும், அவற்றில் எந்த இரண்டு இறுதிக்குப் போகும் என்று கோடிக்கணக்கானோர் எழுதிப் பார்க்கிறார்கள். அரையிறுதி ஆட்டங்கள் அங்கே சனிக்கிழமை மாலையில் நடப்பதால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கலாம். நம் இளைஞர்களில் சிலரும் இப்போது இந்தக் கணிப்பில் இறங்கியிருக்கிறார்கள். கணிப்பு எந்த அளவுக்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

போட்டி நடக்கும் முறை

என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு இந்த ஆண்கள் போட்டியை நடத்துகிறது. 1939-இல் 8 அணிகளுடன் தொடங்கியது. 1985-இல் 64 அணிகளாகவும், 2011-இல் 68 அணிகளாகவும் விரிந்தது. தொடக்கத்தில் நான்கு ஆட்டங்கள் நடந்து 64 அணிகள் எஞ்சும். அவை கிழக்கு, மேற்கு, தெற்கு, மத்திய மேற்கு என்று நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்படும். வட்டாரத்துக்கு 16 அணிகள்.

பூப்பந்துப் போட்டிகளில் முதல் நிலை, இரண்டாம் நிலை என ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்துவது நமக்குத் தெரியும். இங்கும் அப்படித்தான். ஒவ்வொரு வட்டாரத்திலும் தேர்வுக் குழு 1 முதல் 16 வரை தரநிலை எண் கொடுக்கிறது. முதல் ஆட்டத்தில் 1-ஆம் எண் அணி 16-ஆம் எண் அணியைச் சந்திக்கும்; 2-ஆம் எண் 15-ஆம் எண்ணைச் சந்திக்கும். தோற்றால் வெளியேற வேண்டியதுதான். தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் வென்ற அணிக்கு அரையிறுதியில் இடம். நான்கு வட்டார வெற்றியாளர்களும் ஒரே ஊரில் கூடும் அந்தக் கட்டத்தை அமெரிக்கர்கள் ‘ஃபைனல் ஃபோர்’ என்கிறார்கள்.

நான்கு அணிகளையும் முன்கூட்டியே சொல்ல முடியுமா?

எதையும் பார்க்காமல் வட்டாரத்துக்கு ஓர் அணி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், நான்கும் சரியாக அமைய 65,536-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. நம் ஊரில் பலர் எடுக்கும் நான்கு இலக்க நம்பரில் குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கு முதல் பரிசு விழ 10,000-இல் ஒரு வாய்ப்பு. அதைவிட இது ஆறு மடங்குக்கும் மேல் கடினம்.

ஆனால் கூடைப்பந்து குலுக்கல் அல்ல. அணிகளின் பலம் வெளிப்படையாகத் தெரியும். மிக வலிமையான ஓர் அணி தன் வட்டாரத்தின் ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல நூற்றுக்கு 80 வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 41 மட்டுமே. நான்கு வட்டாரங்களிலும் அப்படிப்பட்ட அணிகள் இருந்தாலும், நான்கும் சேர்ந்து அரையிறுதிக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 3-ஐத் தொடாது.

வரலாறும் இதை ஒட்டியே இருக்கிறது. 1985 முதல் 2025 வரை, பெருந்தொற்றால் ரத்தான 2020-ஐத் தவிர்த்து, 40 போட்டிகள் நடந்தன. நான்கு 1-ஆம் எண் அணிகளும் அரையிறுதிக்கு வந்தது இரண்டே முறைதான்: 2008, 2025. அதற்கு நேர் எதிராக, 2023-இல் முதல் மூன்று தரநிலைகளைச் சேர்ந்த ஓர் அணிகூட அரையிறுதிக்கு வரவில்லை. வந்தவை 4-ஆம் எண் கனெக்டிகட், 5-ஆம் எண் அணிகளான சான் டியாகோ ஸ்டேட், மயாமி, 9-ஆம் எண் ஃபுளோரிடா அட்லாண்டிக். அந்த ஆண்டு கனெக்டிகட் வாகை சூடியது.

தரநிலை எண் சொல்வதும் சொல்லாததும்

முதல் சுற்றில் தரநிலை எண் பெரும்பாலும் பொய்க்காது. அதே 40 போட்டிகளில் 1-ஆம் எண் அணிகள் 16-ஆம் எண் அணிகளுடன் 160 முறை மோதின. தோல்வி இரண்டே. 2018-இல் மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி அணி வர்ஜீனியாவை 74-54 என்றும், 2023-இல் ஃபேர்லி டிக்கின்சன் அணி பர்டியூவை 63-58 என்றும் வீழ்த்தின.

அரையிறுதியில் நிலைமை வேறு. அங்கே வரும் நான்கும் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்ற அணிகள். ஆட்டம் பொதுவான ஊரில் நடப்பதால் சொந்த அரங்கின் ஆதரவும் பொதுவாக இல்லை. தொழில்முறை என்பிஏ-வில் ஏழு ஆட்டத் தொடர் உண்டு. ஒருநாள் சறுக்கினாலும் மறுநாள் எழலாம். இங்கே 40 நிமிடம் கொண்ட ஒரே ஆட்டம்.

ஆனாலும் ஒரு பாடம் தெளிவாகத் தெரிகிறது. 11-ஆம் எண் அணிகள் 2025 வரை ஆறு முறை அரையிறுதிக்கு வந்தன: 1986-இல் எல்எஸ்யு, 2006-இல் ஜார்ஜ் மேசன், 2011-இல் விசியு, 2018-இல் லயோலா சிகாகோ, 2021-இல் யுசிஎல்ஏ, 2024-இல் நார்த் கரோலினா ஸ்டேட். ஆறும் அரையிறுதியிலேயே தோற்றன. யுசிஎல்ஏ மட்டும் கூடுதல் நேரம் வரை போராடி, கடைசி நொடி வீச்சில் கொன்சாகாவிடம் 93-90 என்று வீழ்ந்தது. எதிர்பாராத அணி எழுச்சியோடு வருகிறது என்பதற்காக மட்டும் அதன் பக்கம் சாய்வது பெரும்பாலும் பலிப்பதில்லை. இதுவரை கிண்ணம் வென்ற அணிகளில் மிகத் தாழ்ந்த தரநிலை 1985-இல் வென்ற வில்லனோவாவின் 8-ஆம் எண்தான்.

பலசாலியைக் கண்மூடி நம்புவதும் ஆபத்தே. 1990 இறுதியாட்டத்தில் யுஎன்எல்வி அணி டியூக்கை 103-73 என்று நொறுக்கியது. மறு ஆண்டு 34 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் அரையிறுதிக்கு வந்து அதே டியூக்கைச் சந்தித்தது. டியூக் 79-77 என்று வென்றது. 2015-இல் 38 ஆட்டங்களை வரிசையாக வென்றுவந்த கென்டக்கி, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றது.

2025: இரண்டு கணிப்பும் கவிழ்ந்த நாள்

சான் அன்டோனியோ நகரில் நடந்த 2025 அரையிறுதிக்கு ஆபர்ன், டியூக், ஹியூஸ்டன், ஃபுளோரிடா ஆகிய நான்கு 1-ஆம் எண் அணிகள் வந்தன. தேர்வுக் குழுவின் ஒட்டுமொத்த வரிசையும் அதுவே: முதலிடம் ஆபர்ன், இரண்டாமிடம் டியூக், மூன்றாமிடம் ஹியூஸ்டன், நான்காமிடம் ஃபுளோரிடா. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள அணிகள் இறுதிக்கு முன் மோதாதபடி அட்டவணை அமைந்திருந்தது.

வரிசைப்படி கணித்தவர்களுக்கு இரண்டுமே தவறின. முதல் ஆட்டத்தின் பாதியில் ஆபர்ன் 46-38 என்று முன்னிலை வகித்தது. ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் 34 புள்ளிகள் குவிக்க, அவரது அணி 79-73 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் எட்டு நிமிடங்கள் எஞ்சியிருந்தபோது டியூக் 14 புள்ளி முன்னிலையில் இருந்தது. கடைசி நிமிடத்தில்கூட 67-61. அதன் பின் ஹியூஸ்டன் தொடர்ந்து 9 புள்ளிகள் எடுத்து 70-67 என்று வென்றது. இறுதியில் ஃபுளோரிடா 65-63 என்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அப்படியானால் கணித்தவர்கள் முட்டாள்களா? இல்லை. இரண்டு ஆட்டத்திலும் நீங்கள் எடுத்த அணிக்கு நூற்றுக்கு 65 வாய்ப்பு என்று கொள்ளுங்கள். இரண்டும் சரியாக வர நூற்றுக்கு 42 வாய்ப்பு. ஒன்று மட்டும் சரியாக வர 46. இரண்டும் தவற 12. அதாவது நல்ல கணிப்பாளருக்கும் எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இரண்டுமே தவறும்.

தேர்ந்தவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

முதலாவது, நூறு வாய்ப்புக் கணக்கு. ஓர் அணி ஆட்டத்துக்கு 85 புள்ளி எடுக்கிறது என்பது மட்டும் போதாது. வேகமாக ஆடும் அணிக்குப் பந்து அதிக முறை கையில் கிடைக்கும். எனவே பந்து 100 முறை கைக்கு வந்தால் எத்தனை புள்ளி எடுக்கிறது, எதிரணிக்கு எத்தனை புள்ளி விடுகிறது என்று பார்க்கிறார்கள். எதிர்த்து ஆடிய அணிகளின் பலத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். கென் பொமரோய் வெளியிடும் ‘கென்பாம்’ பட்டியல் இந்த முறையில் பெயர் பெற்றது.

இரண்டாவது, நான்கு அம்சங்கள். புள்ளியியலாளர் டீன் ஆலிவர் இவற்றைத் தொகுத்தார்: வீச்சின் துல்லியம், பந்தை எதிரணியிடம் பறிகொடுக்காமை, தவறிய வீச்சை மீண்டும் கைப்பற்றுதல், ஃப்ரீ த்ரோ வாய்ப்புப் பெறுதல். இவற்றில் எதில் ஓர் அணி வலுவோ, அதில் எதிரணி பலவீனமா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மூன்று புள்ளி வீச்சை எந்த அளவுக்கு நம்பி ஆடுகிறது என்பது. அதையே நம்பும் அணி ஒருநாள் யாரையும் சாய்க்கும். மறுநாள் யாரிடமும் தோற்கும்.

நான்காவது, காயம். முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் இல்லையென்றால் பருவம் முழுதும் சேர்த்த எண்கள் அந்த அணியைச் சரியாகக் காட்டாது.

இவற்றிலிருந்து கிடைக்கும் புள்ளி வித்தியாசத்தை வாய்ப்பாக மாற்றலாம். 3 புள்ளி கூடுதல் பலமுள்ள அணிக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 60 வாய்ப்பு. 5 புள்ளி என்றால் மூன்றில் இரண்டு பங்கு. 10 புள்ளி என்றால் ஏறத்தாழ 80. அரையிறுதியில் 10 புள்ளி இடைவெளி அபூர்வம்.

கணிப்பை எழுதும் முறை

‘இந்த அணிதான் வெல்லும்’ என்று எழுதாமல், ‘இந்த அணிக்கு 62’ என்று எண்ணோடு எழுதுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே தேதியிட்டு எழுதி வையுங்கள். பல ஆட்டங்களுக்குப் பின் திரும்பிப் பாருங்கள். 60 என்று எழுதியவற்றில் பத்துக்கு ஆறு வென்றிருந்தால் உங்கள் கணிப்பு நேர்மையானது. பத்தும் வென்றிருந்தால் பயந்து எழுதியிருக்கிறீர்கள். மூன்றுதான் வென்றது என்றால் ஆசையில் எழுதியிருக்கிறீர்கள். 2014 முதல் ‘காகிள்’ தளம் நடத்தும் கணிப்புப் போட்டியிலும் இப்படி வாய்ப்பை எண்ணாகத்தான் கேட்கிறார்கள். கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி.

பணம் வைப்பது பற்றி

‘உறுதியான டிப்’ என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளை மேலே கண்ட எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 38 வெற்றிகளோடு வந்த அணியே தோற்ற இடத்தில் உறுதி என்ற சொல்லுக்கு இடமில்லை. பந்தய நிறுவனங்களின் வழக்கமான விலை, 10 வெள்ளி வெல்ல 11 வெள்ளி வைப்பது. அதில் நட்டமில்லாமல் நிற்கவே நூற்றுக்கு 52.4 முறை சரியாகச் சொல்ல வேண்டும். அந்த விலையை நிர்ணயிப்பவர்களிடம் இங்கே சொன்ன கணக்குகள் அத்தனையும் ஏற்கெனவே இருக்கின்றன.

சட்டமும் கடுமையானது. மலேசியாவில் 1953-ஆம் ஆண்டின் பந்தயச் சட்டமும், சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டமும் உரிமமற்ற பந்தயத்தைத் தண்டிக்கின்றன. சிங்கப்பூரில் பணம் வைப்பவரும் குற்றவாளியே.

கணித்துப் பார்ப்பதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். அரையிறுதிக்கு முந்தைய நாள் இரவு இரண்டு பெயரையும் இரண்டு எண்ணையும் எழுதி வைத்துவிட்டு, ஞாயிறு காலை பசியாறிக்கொண்டே ஆட்டத்தைப் பாருங்கள். தவறினால் போவது அந்தத் தாள் மட்டும்தான்.