பறை: கூச்சத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவில்



ஒத்தக்கடையில், யானைமலை அடிவாரத்தில், மாலையில் பறை பழக வரும் மாணவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "உங்க வீட்டுல யாராச்சும் அடிச்சிருக்காங்களா?" பலர் தலைகுனிகிறார்கள். தாத்தா அடித்தார் என்று சொல்லக் கூச்சம். அதே பிள்ளைகள் கல்லூரி விழாவில் பறை அதிர்ந்தால் முதல் ஆளாக ஆடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வரலாறு கிடக்கிறது.

தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை வைக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நால்வரையே குடிகள் என்கிறது. பெருமையோடு சொல்லப்பட்ட அந்தப் பெயரைச் சாதி பின்னாளில் வசையாக்கியது. சாவு வீட்டில் பறையடிப்பது ஊழியமானது. ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் 'பரையா' என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான்.

அதனால்தான் நம் முன்னோரில் பலர், "இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்தார்கள். அதை நாங்கள் கலையைக் கைவிட்டதாகப் பார்க்கவில்லை. அதுவும் விடுதலைப் போராட்டமே.

இன்னொரு வழியும் பிறந்தது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் 1990களில் தலித் கலைவிழாக்களை நடத்தியது. கே.ஏ.குணசேகரன் நாட்டுப்புறப் பாட்டையும் இசையையும் தலித் அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைத் தோளில் மாட்டினார்கள். ஆண்கள் மட்டுமே அடித்த கருவி அது. 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

வைக்கோல் தீயில் காய்ச்சிய தோலில் அடிக்குச்சி விழும்போது உடம்பு தானாக அசைகிறது. அந்த ஈர்ப்பு உண்மையானது. ஆனால் மேடையில் கைதட்டுகிற ஊர், தெருவில் அதே கலைஞரை எப்படிக் கூப்பிடுகிறது? கூலியை அவர் பேசி வாங்க முடிகிறதா? "வர முடியாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிகிறதா? விரும்பி அடிக்கும்போதுதான் அது கலை. கட்டாயத்தில் அடித்தால், எத்தனை இனிமையாக ஒலித்தாலும் அது ஊழியம்தான்.

மாணவர்களே, ஒரு வேலை செய்யுங்கள். இந்த வாரம் ஊருக்குப் போய்த் தாத்தாவிடம் உட்காருங்கள். அவருக்குத் தெரிந்த அடிகளைக் கேட்டு எழுதுங்கள். எந்த வீட்டுக்கு எதற்காக அடித்தார், என்ன கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்றும் எழுதுங்கள். மேலே அவர் பெயரைப் போடுங்கள். நம் கலைக்கு வரலாறு அங்கிருந்து தொடங்கட்டும்.